கோடை லீவில் ரக்பி பிள்ளைகள் எதை இழக்கிறார்கள்

ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்து போகிற பிள்ளைகள் ஜூனில் திரும்பி வரும்போது பார்க்க நன்றாகவே இருப்பார்கள். சிலர் வளர்ந்திருப்பார்கள், சிலர் கறுத்திருப்பார்கள், யாருக்கும் தொப்பை போட்டிருக்காது. நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லீவு என்றால் படுத்துக் கிடப்பது இல்லை. சொந்தத் தோட்டத்தில் தேயிலைக் கொளுந்து பறிக்கும்போது கூட இருப்பார்கள், மூட்டையை ரோடு வரைக்கும் சுமந்து வந்து எடை போடுகிற இடத்தில் இறக்குவார்கள். கடைக்குப் போய் வருவது என்றாலே இறங்கி ஏற வேண்டும். அதனால் ஃபிட்னஸ் அப்படியே இருக்கிறது என்று வீட்டிலும் நம்புகிறார்கள், பிள்ளைகளும் நம்புகிறார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் காயங்கள் வருகின்றன.

நான் இங்கே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பதிமூன்றிலிருந்து பதினேழு வயது வரையுள்ள ஆண், பெண் பிள்ளைகளுக்கு செவன்ஸ் ரக்பி சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஜூன், ஜூலையில் நான் பார்ப்பதை எழுதி வைத்தால் மலையில் பிள்ளைகளைப் பழக்குகிற மற்ற ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் உதவும். ரக்பியை வைத்துத்தான் சொல்கிறேன். கால்பந்து, ஹாக்கி ஆடுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

செவன்ஸ் ஆட்டம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாதிக்கு 7 நிமிடம், நடுவில் 2 நிமிட இடைவேளை. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். ஆனால் பதினைந்து பேர் ஆடுகிற அதே பெரிய மைதானத்தில் ஏழு பேர் ஆட வேண்டும். கோட்டிலிருந்து கோட்டுக்கு 100 மீட்டர், அகலம் 70 மீட்டர். முழு வேகத்தில் ஓடி, ஒருவனைப் பிடித்து இழுத்து, அவனோடு கீழே விழுந்து, எழுந்து, மூச்சு அடங்குவதற்குள் மறுபடி ஓட வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று மேட்ச் வரும். நாள் முழுக்க மெதுவாக மலை ஏறுகிற உடம்புக்கும் இந்த உடம்புக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

விங், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஆடுகிற ஒரு பையன். எங்களிடம் இருந்தவர்களில் வேகமானவன். லீவு முடிந்து வந்த முதல் வாரத்தில், பந்தைத் துரத்தி ஓடும்போது பாதியில் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஹாம்ஸ்ட்ரிங், அதாவது பின்தொடைத் தசை. அவன் அம்மா மறுநாள் பள்ளிக்கு வந்து கேட்டார்: “சார், இவன் லீவுல ஒரு நாள்கூடச் சும்மா இருக்கல. மூட்டை மூட்டையாத் தூக்கினான். அப்புறம் எப்படி சார் கால் பிடிக்கும்?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மூட்டையோடு மேடு ஏறும்போது வேலை செய்வது பெரும்பாலும் முன்தொடையும் பிட்டத் தசையும், அதுவும் மெதுவாக. பின்தொடைத் தசைக்கு உண்மையான சோதனை முழு வேக ஓட்டத்தில்தான் வருகிறது. முன்னால் வீசப்பட்ட கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டுகொண்டே காலுக்குப் பிரேக் போட வேண்டும். மேட்டில் ஓடும்போது எட்டி வைக்கிற அடி குறுகிவிடுவதால் தசை அந்த அளவுக்கு நீள்வதே இல்லை. ஆறு வாரம் அந்த வேலையே பார்க்காத தசையை ஜூன் முதல் வாரத்தில் திடீரென்று முழு வேகத்துக்கு இழுத்தால் கிழியத்தான் செய்யும். அந்த அம்மாவுக்கு இதைக் காலை நீட்டிக் காட்டித்தான் விளக்கினேன். புரிந்துகொண்டார். அதற்கு அடுத்த லீவில் அந்தப் பையனை மைதானத்துக்கு அனுப்பி வைத்ததும் அவர்தான்.

ஆக, மலை எதைக் காப்பாற்றுகிறது, எதைக் காப்பாற்றுவதில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நடையும் ஏற்றமும் சுமையும் கால் பலத்தையும் அடிப்படை மூச்சையும் ஓரளவு பிடித்து வைக்கின்றன. முழு வேகம், வேகமாக ஓடிச் சட்டென்று நின்று திரும்புவது, அடுத்தடுத்து ஸ்பிரின்ட் அடித்து மூச்சைச் சரிக்கட்டுவது, ஆள் மோதும்போது கழுத்தும் தோள்பட்டையும் தாங்குவது, இந்த நான்கும் போய்விடுகின்றன.

உடம்பில் எல்லாம் ஒரே நேரத்தில் குறைவதில்லை. பயிற்சியை நிறுத்திய முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைய ஆரம்பிக்கும். இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுகிற இரத்தம் குறையும். அதனால் அதே வேகத்தில் ஓடினாலும் நாடி அதிகமாக அடிக்கும். நன்றாகப் பழகிய விளையாட்டு வீரர்களுக்கு நான்கு வாரத்துக்குள் உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு 4 முதல் 14 சதவீதம் வரை இறங்கும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த கணக்கு. தசைப் பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது, மூன்று நான்கு வாரம் பெரும்பாலும் நிற்கும். இழந்தாலும், முதல் தடவை கட்டியதைவிட வேகமாகத் திரும்ப வரும். பிள்ளைகள் இதைக் கேட்டால் நிம்மதி அடைகிறார்கள். ஒரு மாதத்தில் எல்லாம் நாசமாகிவிட்டது என்று பயந்து, வந்த முதல் நாளே பழைய எடையைத் தூக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை.

மனதுக்கு ரொம்ப நம்பிக்கை கொடுக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஹிக்ஸன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிலருக்குப் பத்து வாரம், வாரம் ஆறு நாள், கடுமையான சைக்கிள், ஓட்டப் பயிற்சி கொடுத்தார். அப்புறம் அதைக் குறைத்துப் பார்த்தார். வாரம் ஆறு நாளை இரண்டு நாளாக்கியும், ஓடுகிற வேகத்தைக் குறைக்காதவரை, பதினைந்து வாரம் உச்ச ஆக்ஸிஜன் அளவு கிட்டத்தட்ட அப்படியே நின்றது. நேரத்தைக் குறைத்தாலும் நின்றது. தீவிரத்தைக் குறைத்தபோதுதான் இறங்கியது. அதாவது லீவில் தினமும் ஒரு மணி நேரம் மெதுவாக ஜாகிங் போகிற பிள்ளையைவிட, வாரம் இரண்டு நாள் இருபது நிமிடம் மூச்சு முட்ட ஓடுகிற பிள்ளைக்கு மிச்சம் இருப்பது அதிகம். “லீவில் தினமும் ஓடு” என்று நோட்டில் எழுதிக் கொடுப்பதை நான் நிறுத்தியதற்கு இதுதான் காரணம். தினமும் என்று சொன்னால் மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள். வாரம் இரண்டு நாள் என்றால் செய்கிறார்கள்.

அந்த இரண்டு நாளில் என்ன செய்வது என்று சொல்வதற்கு முன்னால் ஓய்வைப் பற்றி. பரீட்சை முடிந்த முதல் பத்து நாளைக்கு நான் எதுவும் சொல்லி அனுப்புவதில்லை. வருடம் முழுக்க விழுந்து எழுந்த உடம்பு அது. கணுக்காலில், தோளில் சின்னச் சின்ன வலிகளை மறைத்துக்கொண்டே ஆடியிருப்பார்கள். தூங்கட்டும், பாட்டி வீட்டுக்குப் போகட்டும், கிரிக்கெட் ஆடட்டும். வளர்கிற பிள்ளைகளை வருடம் பன்னிரண்டு மாதமும் ஒரே விளையாட்டில் போட்டு அழுத்துவதை நான் எதிர்க்கிறேன். ஓய்வு வேண்டாம் என்று சொல்கிற பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள் என்றே பெற்றோரிடம் சொல்கிறேன்.

பத்து நாள் கழித்து, இரண்டு நாள் திட்டம். ஒரு நாள் மேடு, ஒரு நாள் சமதளம்.

மேட்டு நாள் எங்கள் ஊரில் சுலபம். பத்து விநாடியில் ஏறி முடிக்கிற அளவுக்கு ஒரு சரிவு. முழு மூச்சாக மேலே, நடந்து கீழே. ஆறிலிருந்து எட்டு முறை. இறங்கும்போது ஓட வேண்டாம், முட்டி வலி உள்ளவர்கள் நிச்சயம் ஓடக் கூடாது. மேட்டு ஓட்டத்தில் காயம் ஆவது குறைவு, மூச்சுக்கு நல்ல அடி.

சமதள நாள்தான் கஷ்டம். இங்கே தட்டுப்பாடே சமமான நிலம்தான். படுகர் ஊர்களான ஹட்டிகளில் கோயில் முன்னால் கொஞ்சம் புல்தரை கிடைக்கும். எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதுவும் சந்தேகம். முப்பது மீட்டர் போதும், அதற்கு மேல் தேவையில்லை. முதல் வாரம் முக்கால் வேகம், பிறகு வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, கடைசி இரண்டு வாரத்தில் முழு வேகத்துக்குப் பக்கத்தில் போய்விட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் இரண்டு நிமிடம் நன்றாக ஓய்வு. அந்த ஓய்வைப் பிள்ளைகள் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். வேகத்தைப் பழக்கும் நாளில் களைத்த காலோடு ஓடினால் வேகம் பழகாது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே நாளில் வீட்டுக்குள் செய்ய நார்டிக் என்ற பின்தொடைப் பயிற்சி. இது தெரியாதவர்களுக்காக விவரமாகச் சொல்கிறேன். கொளுந்துச் சாக்கை நான்காக மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் முட்டி போட வேண்டும். பின்னால் தம்பியோ தங்கையோ இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆள் இல்லை என்றால் கனமான கட்டிலின் கீழ்ச் சட்டத்தில் குதிகாலை மாட்டிக்கொள்ளலாம். முட்டியிலிருந்து தலை வரை உடம்பு ஒரே கோடு, இடுப்பு மடங்கக் கூடாது. அப்படியே முன்னால் சாய வேண்டும், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. ஒரு கட்டத்தில் பின்தொடை நடுங்கும், பிடிக்க முடியாமல் விழுவார்கள், அப்போது கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். கையால் தள்ளி எழுந்து மறுபடி. நான்கு அல்லது ஐந்து தடவை, இரண்டு சுற்று. மறுநாள் உட்கார முடியாத அளவு வலிக்கும், இரண்டாம் வாரத்தில் அந்த வலி குறைந்துவிடும். விங் பையன் திரும்பி ஆட வந்தது இதைச் செய்துதான்.

கழுத்துக்கு, நெற்றியில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, தலை அசையாமல் பத்து விநாடி எதிர்க்க வேண்டும். அதே மாதிரி பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு. அப்புறம் புஷ்-அப். இவ்வளவுதான்.

எந்த நேரத்தில் ஓடுவது என்பது மலையில் தனிக் கேள்வி. விடியற்காலை ஓடச் சொல்வது சமவெளியில் நல்ல ஆலோசனை. கோத்தகிரியில் நான் அதைச் சொல்ல மாட்டேன். தேயிலைக்குள் கரடி இருக்கிறது, காட்டெருமை ரோட்டிலேயே நிற்கிறது. எட்டு மணிக்கு மேல், வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, குறைந்தது இரண்டு பேர். இயர்போன் கூடாது. காட்டெருமை நின்றால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது, திரும்பி வந்து நார்டிக் செய்தால் போதும். மே மாதம் இன்னொரு தொல்லை, ரோடு. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி என்று வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வளைவில் ஓடுகிற பிள்ளையை வெளியூர் டிரைவர் எதிர்பார்க்கவே மாட்டார். தார் ரோட்டில் ஓடவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறேன்.

திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் அங்கே சும்மா இருந்துவிட்டு வந்தால் மேலே ஏறிய முதல் சில நாள் அதிகமாக மூச்சு வாங்குவார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிவு. அதைப் பார்த்து ஃபிட்னஸ் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது, ஒரு வாரம் விட்டுப் பார்க்க வேண்டும். அதே பிள்ளைகளிடம் ஒரு லாபமும் உண்டு. உடம்பு வெயிலுக்குப் பழக பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். எங்கள் அணி கீழே போய் ஆடும்போது தோற்பது பல நேரம் எதிரணியிடம் இல்லை, வெயிலிடம். சமவெளியில் இரண்டு வாரம் சாயங்காலம் ஓடிவிட்டு வந்தவர்கள் அதைத் தாங்குகிறார்கள். ஆனால் மேலே வந்து குளிரில் சில வாரம் இருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். ஆகஸ்ட் மேட்ச்சுக்கு மே மாத வெயில் கை கொடுக்காது. போட்டிக்கு இரண்டு நாள் முன்பாவது அணியைக் கீழே இறக்குங்கள் என்று நிர்வாகத்திடம் நான் விடாமல் கேட்பது அதனால்தான். இரண்டு நாள் போதாது, ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மைதானத்துக்குப் போவதைவிட நல்லது.

திரும்பி வந்த முதல் வாரம். முதல் நாளே பிராங்கோ டெஸ்ட் வைக்கிற வழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. 20 மீட்டர் போய் வந்து, 40 போய் வந்து, 60 போய் வந்து, நிற்காமல் இதையே ஐந்து தடவை, மொத்தம் 1,200 மீட்டர். நியூசிலாந்தின் போடன் பாரெட் 2020-இல் இதை 4 நிமிடம் 12 விநாடியில் முடித்தார். நல்ல டெஸ்ட், செலவில்லாத டெஸ்ட். நான் அதை இரண்டாம் வாரத்தில்தான் வைக்கிறேன். முதல் நாள் வைத்தால், ஆறு வாரமாகத் திரும்பாத கால் 60 மீட்டர் கோட்டில் சட்டென்று திரும்பும்போது தொடை இடுக்கு இழுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், பிள்ளைகளுக்கு அது தண்டனையாகத் தெரிகிறது. லீவில் ஒன்றும் செய்யாதவன் முதல் நாள் டெஸ்டுக்குப் பயந்து வரவே மாட்டான். அப்படி ரக்பியையே விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். டெஸ்டை முடிக்க நேரம் அதிகம் எடுத்ததற்காக மைதானத்தைச் சுற்றி ஓட வைப்பது ஆபத்தும்கூட. பழக்கமில்லாத உடம்பைத் திடீரென்று அளவுக்கு மீறி வாட்டினால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும்.

முதல் வாரம் பழைய அளவில் பாதி, பந்து கையில், பாஸிங், சின்ன ஆட்டங்கள், மோதல் இல்லை. இரண்டாம் வாரத்தில் முட்டி போட்டுக்கொண்டு டேக்கிள் (ஆளைப் பிடித்து வீழ்த்துவது), பிறகு நடந்து வருகிறவன்மேல், பிறகு டேக்கிள் பேக் என்ற மெத்தைப் பைமேல். ஆள்மேல் ஆள் முழு வேகத்தில் மோதுவது மூன்றாம் வாரம் முடியும்போது. ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில், உலக ரக்பி அமைப்பு இலவசமாகக் கொடுக்கிற ஆக்டிவேட் வார்ம்-அப். இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில், வாரம் மூன்று முறையாவது அதைச் செய்த அணிகளில் மேட்ச் காயங்கள் 72 சதவீதமும், தலை அதிர்ச்சி 59 சதவீதமும் குறைந்தன. சாமான் எதுவும் வேண்டாம். இதைச் செய்யாத பள்ளி அணியைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எங்கள் ஸ்போர்ட்ஸ் ரூம் சுவரில், கதவுக்குப் பக்கத்தில், பென்சில் கோடுகள் இருக்கும். லீவுக்கு முன் ஒரு கோடு, ஜூனில் ஒரு கோடு, பக்கத்தில் பெயரின் முதல் எழுத்தும் தேதியும். பையன்கள் பதினான்கு வயதை ஒட்டியும், பெண்பிள்ளைகள் அதற்கு ஓரிரு வருடம் முன்பும் ரொம்ப வேகமாக வளர்வார்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே இடைவெளி நன்றாகத் தெரிந்தால் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கவனிக்கிறேன். எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்னால்தான் வரும். நேற்று வரை லாவகமாகப் பந்து பிடித்தவன் தடுமாறுவான். முட்டிக்குக் கீழே எலும்பு மேடாக இருக்கும் இடத்தில் தொட்டால் வலிக்கும். அது ஆஸ்குட்-ஷ்லாட்டர், வளர்ச்சியோடு வருவது, குதிப்பதையும் ஸ்பிரின்ட்டையும் குறைத்தால் அடங்கும். “உன் ஆட்டம் போய்விட்டது” என்று அந்த வயதில் ஒரு பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். போகவில்லை. உடம்பு மாறியிருக்கிறது, ஆட்டம் திரும்பி வரும்.

பெண்பிள்ளைகளின் லீவு வேறு மாதிரி. பையன்கள் தோட்டத்துக்கும் மைதானத்துக்கும் போகிறார்கள், இவர்கள் சமையலறையில் நிற்கிறார்கள். வெளியே ஓட அனுப்புவதில்லை. நான் லீவுக்கு முன் இவர்களுடைய அம்மாக்களை வரவழைத்துப் பேசுகிறேன், ஒரே ஊர்ப் பிள்ளைகளை ஜோடி சேர்த்து அனுப்புகிறேன். அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் என்றால் வீட்டில் மறுப்பது குறைவு. இன்னொன்று, ஜூனில் ஒரு பெண் மூச்சு வாங்கி, முகம் வெளுத்து, படியேறவே களைத்தால் அதை லீவு சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. இந்த வயதில் இரத்தசோகை ரொம்பச் சாதாரணம். பள்ளியில் வாராவாரம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை லீவில் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள். அது குறைவாக இருந்தால் எந்த ஓட்டப் பயிற்சியும் பலன் தராது.

கடைசியாக மழை. பள்ளி திறக்கிற நேரத்தில் தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடும். கோத்தகிரிக்கு அது அவ்வளவு கடுமையாக இருக்காது, எங்களுக்கு வடகிழக்கு மழைதான் பெரிது. கூடலூர், பந்தலூர், ஊட்டி மேற்குப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஜூன், ஜூலையில் மைதானமே கிடைக்காத வாரங்கள் உண்டு. அப்போது லீவு இன்னும் முடியவில்லை என்றே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வராந்தாவில் நார்டிக், கழுத்துப் பயிற்சி, ஆக்டிவேட், மாடிப்படியில் பத்து விநாடி ஏற்றம், இவற்றை வாரம் இரண்டு நாள் விடாமல் ஓட்டலாம். ஈரப் படியில் மட்டும் வேண்டாம். மழை விட்டு மைதானம் கையில் கிடைத்த அன்றைக்கு உற்சாகத்தில் முழு ஆட்டம் போட்டுவிடாமல், முக்கால் வேகத்தில் நான்கைந்து ஓட்டம், பந்து பாஸிங், அவ்வளவோடு அனுப்பிவிட்டு, டேக்கிளை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள்.